எழுத்தைப் படிக்கிறதா, அணிலைப் படிக்கிறதா?

தொடக்கப் பள்ளிச் சுவர்களில் தொங்கும் அந்த வண்ணத் தாளைக் காணாதவர் இரார். புத்தகக் கடையில் ‘அ ஆ சார்ட்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அ – அணில், ஆ – ஆடு, இ – இலை, ஈ – ஈ, உ – உரல், ஊ – ஊஞ்சல், எ – எலி, ஏ – ஏணி, ஐ – ஐவர், ஒ – ஒட்டகம், ஓ – ஓடம், ஔ – ஔவையார், ஃ – எஃகு. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் ஒன்றிரண்டு சொற்கள் மாறலாம், அமைப்பு மாறுவதில்லை. கட்டத்தின் மூலையில் எழுத்து, நடுவில் பெரிய வண்ணப் படம், அடியில் சொல்.

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். பள்ளி சென்ற தமிழர் ஏறக்குறைய எல்லாரும் பார்த்திருக்கும் இந்தத் தாளுக்கு மதிப்புரை எழுதுவார் இல்லை. ‘இதைப் பார்த்துத்தானே நாமெல்லாம் படித்தோம்!’ என்பதே அதற்குக் கிடைத்த நற்சான்று. அந்தச் சான்றை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாக நாம் எடுத்துக்கொள்வது நடத்தைப் பகுப்பாய்வு என்னும் அறிவியல் துறை. அதிலும் இரண்டு கருத்துகள் போதும். ஒன்று தூண்டல் கட்டுப்பாடு. மற்றொன்று சமானத் தொடர்பு.

குரங்கும் பையும்

இக்கருத்துகளை ஓர் ஊரில் வைத்து விளக்கினால் எளிதாக விளங்கும். தாண்டிக்குடியை எடுத்துக்கொள்வோம். பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில், திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில் உள்ள ஊர் இது. காபியும் மிளகும் மலைவாழையும் விளைகிற மண். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் இங்கு உண்டு. முருகன் இங்கிருந்து ஒரே தாண்டாகத் தாண்டிப் பழனிக்குச் சென்றான் என்று ஊர்ப் பெயருக்குக் கதை சொல்வார்கள்.

மலைச் சாலையோரம் நாட்டுக் குரங்குகள் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெறுங்கையோடு நடப்பவரை அவை பொருட்படுத்துவதில்லை. கையில் பை தொங்கினால் அருகே வருகின்றன. கம்பு இருந்தால் விலகுகின்றன. பை என்னும் தூண்டல் இருக்கும்போது அணுகினால் பழம் கிடைத்தது. கம்பு என்னும் தூண்டல் இருக்கும்போது அணுகினால் அடி கிடைத்தது. இந்த அனுபவத்தால் பையும் கம்பும் குரங்கின் செயலை ஆள்கின்றன. ஒரு செயல் எந்தத் தூண்டலின் முன்னிலையில் பயன் தந்ததோ, அந்தத் தூண்டலின் முன்னிலையில் அச்செயல் மிகுந்து நிகழ்வதையே தூண்டல் கட்டுப்பாடு என்கிறோம்.

மனிதருக்கும் இதே கதைதான். வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில் தாண்டிக்குடி வண்டிக்காக நிற்கும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். எழுத்தறியாதவர், ஆனால் சரியான வண்டியில் ஏறிவிடுகிறார். நடத்துநர் கூவும் குரல், வண்டி வந்து நிற்கும் இடம், புறப்படும் நேரம், உள்ளே தெரிந்த முகங்கள் எல்லாம் அவருக்கு வழிகாட்டுகின்றன. பெயர்ப் பலகையும் கண்ணெதிரே இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அவருடைய செயலை அது ஆளவில்லை. சரியான வண்டியில் ஏறினார் என்பதைக் கொண்டு அவர் பலகையைப் படித்தார் என்று நாம் சொல்ல முடியுமா? முடியாது. சரியான செயல் வேறு; அச்செயலை ஆளும் தூண்டல் எது என்பது வேறு. எழுத்துப் படத்தைப் பற்றிய நம் விசாரணை இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

இரண்டு புறாக்கள் தந்த பாடம்

1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ரெனால்ட்ஸ் இரண்டு புறாக்களைப் பழக்கினார். சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணம் தெரியும்போது கொத்தினால் தீனி உண்டு. பச்சைப் பின்னணியில் வெள்ளை வட்டம் தெரியும்போது கொத்தினால் தீனி இல்லை. இரண்டு புறாக்களும் நன்றாகக் கற்றுக்கொண்டன. பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பாடத்தைக் கற்றதாகவே தோன்றும்.

பிறகு ரெனால்ட்ஸ் கூட்டைப் பிரித்தார். சிவப்பைத் தனியாக, முக்கோணத்தைத் தனியாக, பச்சையைத் தனியாக, வட்டத்தைத் தனியாகக் காட்டினார். ஒரு புறா முக்கோணத்தைக் கொத்தியது. சிவப்பை ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. மற்றொரு புறா சிவப்பைக் கொத்தியது, முக்கோணத்தைக் கவனிக்கவில்லை. காட்டியது ஒன்று, பரிசு ஒன்று, மதிப்பெண்ணும் ஒன்று. ஆனால் இரண்டும் கற்றது வெவ்வேறு. பிரித்துப் பார்க்கும் வரை ஆசிரியருக்கே அது தெரியாது.

இப்போது நம் சுவர்த்தாளுக்கு வாருங்கள். ஒரே கட்டத்தில் ‘அ’ இருக்கிறது, அணிலும் இருக்கிறது. ஆசிரியை கோலை வைக்கிறார். குழந்தை ‘அணிலுக்கு அ’ என்கிறது. ‘நல்லது’ என்கிறார் ஆசிரியை. அந்த ‘நல்லது’ எதற்குக் கிடைத்த பரிசு? அ என்னும் வடிவத்தைப் பார்த்ததற்கா, அணிலைப் பார்த்ததற்கா? அணிலைக் குழந்தை முன்பே அறியும். தாண்டிக்குடிக் குழந்தையானால் முதுகில் கோடு போட்ட அணிலையும் அறியும். மரத்துக்கு மரம் பாயும் பெரிய மலை அணிலையும் அறியும். தெரிந்த பொருளும் தெரியாத கோடுகளும் ஒருசேர நிற்கும்போது கண் எதை நாடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் ஊகமன்று. 1967இல் ஜே சாமுவல்ஸ் என்னும் ஆய்வாளர் புதிதாகப் படிக்கத் தொடங்கும் சிறுவரிடம் இதைச் சோதித்தார். ஒரு குழுவுக்குச் சொல் மட்டும். இன்னொரு குழுவுக்குச் சொல்லோடு படமும். கற்கும் நேரத்தில் படம் பார்த்தவர்கள் நன்றாகவே ‘படித்தனர்’. படத்தை எடுத்துவிட்டுச் சோதித்தபோது சொல்லை மட்டும் பார்த்துக் கற்றவர்களே முந்தினர். வகுப்பறையில் அவர் செய்த ஆய்வில் மற்றொன்றும் தெரிந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் படத்தால் பெரிய வேறுபாடு இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளையே படம் பாதித்தது. அஃதாவது, யாருக்கு உதவும் என்று நினைத்துப் படத்தை வைக்கிறோமோ, அவரையே அது தடுக்கிறது.

பயன்படாத வால்

தமிழ் எழுத்துகளில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. எ, ஏ என்னும் இரண்டையும் பாருங்கள். கீழே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. ஒ, ஓ என்பவற்றிலும் ஒரு சிறு சுழிதான். குறிலையும் நெடிலையும் கண்ணுக்குப் பிரித்துக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தின் பயன் இது. எடு என்பதையும் ஏடு என்பதையும் வேறுபடுத்தும் பொறுப்பு முழுவதும் அந்தச் சிறு கோட்டின் தலையில்தான் இருக்கிறது.

ஆனால் எழுத்துப் படத்தில் ‘எ’வின் அருகில் எலி, ‘ஏ’யின் அருகில் ஏணி. எலிக்கும் ஏணிக்கும் உள்ள வேறுபாடு பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். ஆதலால் சிறு கோட்டைக் கவனிக்க வேண்டிய தேவையே குழந்தைக்கு எழவில்லை. கவனிக்காமலே முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டிய இடத்தில், வேறுபாட்டைக் கவனிக்காமல் தப்பிக்க வழி செய்து கொடுக்கிறது படம்.

அமெரிக்காவில் 1984இல் மேசன்ஹைமர், டிரம், ஏரி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள சிறுவர்கள். கடைப் பலகைகளையும் வணிகச் சின்னங்களையும் பார்த்தவுடன் பெயர் சொல்வதில் வல்லவர்கள். அவர்களிடம் ‘பெப்சி’ சின்னத்தில் முதல் எழுத்தை மட்டும் வேறோர் எழுத்தாக மாற்றிக் காட்டினர். நிறமும் வடிவமும் பழையபடியே இருந்தன. மிகப் பெரும்பாலோர் மாற்றத்தைக் கவனிக்காமல் ‘பெப்சி’ என்றே படித்தனர். அவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை; சின்னத்தைப் படித்தனர்.

எழுத்துப் படத்தில் படத்தைத் தவிர இன்னொரு தப்பும் வழியும் உண்டு. அதுதான் வரிசை. அ, ஆ, இ, ஈ என்று ஆசிரியையின் கோல் என்றும் ஒரே வரிசையில் நகர்கிறது. ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானே நாவில் வருகிறது. இங்கே குழந்தையின் சொல்லை ஆள்வது முன்னால் சொன்ன சொல். சுவரில் உள்ள எழுத்தன்று. கண்ணை மூடிக்கொண்டும் ‘படிக்கும்’ குழந்தையைக் கண்டு பெற்றோர் மகிழ்வதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடிந்தால் அதில் படிப்பு எங்கே இருக்கிறது?

படிக்க இயலாதவன் படித்த கதை

இனி இரண்டாவது அளவுகோலான சமானத் தொடர்பைப் பார்ப்போம். மேல்நிலை வகுப்புக் கணிதத்தில் இப்பெயரைக் கேட்டிருப்பீர்கள். தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்னும் மூன்று பண்புகளும் உள்ள தொடர்பு சமானத் தொடர்பு. கணிதத்திலிருந்து இதைக் கற்றல் ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் மரே சிட்மன்.

சிட்மன் 1971இல் வெளியிட்ட ஆய்வில் வருபவன் 17 வயதுச் சிறுவன். கடுமையான மனவளர்ச்சிக் குறை உடையவன். எழுத்துப் படிக்க இயலாதவன். ஆனால் ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் அதன் படத்தைத் தொட்டுக் காட்டுவான். படத்தைக் காட்டினால் பெயர் சொல்வான். அவன் முன் ஒரு பலகை. நடுவில் ஒரு சன்னல். சுற்றிலும் 8 சன்னல்கள். சிட்மன் அவனுக்குப் புதிதாகக் கற்பித்தது ஒன்றே ஒன்று. சொல்லைக் காதால் கேட்டு, அச்சிட்ட சொற்களுள் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி 20 சொற்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. அச்சிட்ட சொல்லைக் காட்டினால் உரிய படத்தைத் தேர்ந்தெடுத்தான். படத்தைக் காட்டினால் உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தான். அச்சிட்ட சொல்லைப் பார்த்து வாய்விட்டும் படித்தான். இம்மூன்றையும் யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. ஒலியும் படமும் முன்பே இணைந்திருந்தன. ஒலியும் எழுத்தும் இப்போது இணைந்தன. படமும் எழுத்தும் தாமாகவே இணைந்துகொண்டன. கணக்கில் கடப்புப் பண்பு என்கிறோமே, அதுவே இங்கு ஒரு சிறுவனின் நடத்தையில் தோன்றியது. எழுத்தைப் பொருளோடு கற்பிக்காமலே பொருள் புரிந்து படித்தல் பிறந்தது.

எல்லா உயிர்களிடமும் இது எளிதில் தோன்றுவதில்லை. 1982இல் சிட்மனும் அவருடைய குழுவினரும் ரீசஸ் குரங்குகளிடமும் பபூன்களிடமும் சமச்சீர்ப் பண்பைத் தேடினர். முதல் குறியைப் பார்த்து இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கப் பழகிய குரங்குகள், இரண்டாவதைக் காட்டி முதலாவதைக் கேட்டபோது தடுமாறின. மனிதக் குழந்தைகள் பெரும்பாலும் திருப்பிச் செய்துவிட்டனர். விதிவிலக்குகளும் உண்டு. 1993இல் ஷூஸ்டர்மன், காஸ்டக் இருவரும் ரியோ என்னும் கடற்சிங்கம் இச்சோதனைகளில் வென்றதாக வெளியிட்டனர். இத்தொடர்பு ஏன் தோன்றுகிறது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அடிப்படை இயல்பு என்பார் சிட்மன். பெயரிட்டு அழைக்கும் பழக்கமே காரணம் என்று 1996இல் ஹார்ன், லோ இருவரும் வாதிட்டனர். ஆசிரியருக்கு வேண்டிய செய்தி என்னவோ ஒன்றுதான்: திருப்பிச் செய்யும் திறன் தோன்றக்கூடியது, ஆனால் தோன்றிவிட்டதா என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

நம் சுவர்த்தாள் இதைச் சோதிப்பதே இல்லை. அது ஒருவழிப் பாதை. ஆசிரியை காட்டுவார், குழந்தை சொல்லும். ஒலியைச் சொல்லி, ஒன்றுபோல் தோன்றும் சில எழுத்துகளுள் உரியதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பயிற்சி அதில் இல்லை. சிட்மன் சிறுவனைப் படிக்க வைத்தது அந்தத் தேர்வுதான்.

ஓடமும் ஓடையும்

சிட்மனின் முக்கோணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒலிக்கும் படத்துக்கும் உள்ள இணைப்பு முன்பே உறுதியாக இருக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்குப் படங்களின் பெயர் தெரிந்திருந்ததால்தான் மற்றவை கூடி வந்தன. எழுத்துப் படத்தில் இந்த நிபந்தனை நிறைவேறுகிறதா?

கோலூன்றிய மூதாட்டியைக் கண்டால் எந்தக் குழந்தையும் ‘பாட்டி’ என்றுதான் சொல்லும்; ‘ஔவையார்’ என்று யாரேனும் சொல்லிக் கொடுத்தாலன்றிச் சொல்லாது. ஐந்து பேர் நிற்கும் படம் ‘ஆளுங்க’, ‘ஐவர்’ அன்று. எஃகுத் துண்டின் படம் ‘இரும்பு’. மாவரைக்கும் மின்பொறி வந்துவிட்ட வீடுகளில் உரலைப் பார்க்காத குழந்தைகளும் உண்டு. ஆக, எழுத்தைக் கற்பிக்க வந்த படத்தையே முதலில் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

தாண்டிக்குடிக் குழந்தைக்கு ஒட்டகமும் ஓடமும் சுவர்த்தாளில் மட்டுமே வாழ்வன. மலையில் ஓடம் எதற்கு? ஆனால் ஓடை உண்டு. மழைக்காலத்தில் அதைத் தாண்டித்தான் பல பிள்ளைகள் நடக்க வேண்டும். ‘ஓ’வுக்கு ஓடை இருக்கிறது; ‘ஏ’க்கு ஏலக்காய் இருக்கிறது; ‘ஆ’வுக்கு ஆரஞ்சு இருக்கிறது; ‘இ’க்கு இஞ்சி இருக்கிறது. கடற்கரைக் குழந்தைக்கு ஓடமே பொருந்தும். ஒரே தாளை மலைக்கும் கடலுக்கும் அச்சிட்டு அனுப்புவதில் அச்சகத்துக்குச் சிக்கனம், குழந்தைக்கு நட்டம். 1991இல் புதுக்கோட்டையில் பரவிய அறிவொளி இயக்கம் முதியோருக்கு நெடுங்கணக்கை ஒப்பிக்க வைக்காமல், அவர்களுடைய வாழ்வில் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்துக்கு வந்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

படத்தின் பக்கம் உள்ள நியாயம்

குறைகளை மட்டும் சொல்வது மதிப்புரை ஆகாது. எழுத்துப் படம் மலிவானது. ஏழை வீட்டுச் சுவருக்கும் ஒரு வண்ணம் தருவது. நெடுங்கணக்கின் வரிசை மனத்தில் பதிவதற்கு அது உதவுகிறது. அகராதி பார்க்க அந்த வரிசை வேண்டும். எழுத்தின் மீது குழந்தைக்கு ஒரு நட்பையும் அது உண்டாக்குகிறது. இவை சிறிய பயன்கள் அல்ல.

படத்தையே ஒதுக்க வேண்டும் என்று ஆய்வுகள் கூறவும் இல்லை. படம் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. 1984இல் லினியா ஏரியும் அவருடைய துணை ஆய்வாளர்களும் எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே படத்தை வரைந்து கற்பித்தனர். எழுத்துக்கு வெளியே தனியாக நின்ற படம் உதவவில்லை. எழுத்தின் கோடுகளோடு ஒன்றிய படம் உதவியது. தமிழில் ‘ப’வைப் பாருங்கள். இருபுறம் கரை, நடுவே தரை. பள்ளம் ஒன்றின் குறுக்குத் தோற்றம் அது. ‘ப’வையே பள்ளமாக வரைந்து, உள்ளே தண்ணீரையும் ஒரு தவளையையும் காட்டினால், பள்ளத்தைப் பார்க்கும் கண் எழுத்தின் கோட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

மற்றொரு வழி, படத்தைப் படிப்படியாக மங்கச் செய்வது. ஹெர்பர்ட் டெரஸ் 1963இல் புறாக்களுக்குச் சிவப்பையும் பச்சையையும் முதலில் பழக்கினார். பிறகு அவற்றின் மேல் செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் வைத்து, நிறத்தைச் சிறிது சிறிதாக மங்கச் செய்தார். புறாக்கள் ஏறத்தாழப் பிழையின்றியே கோடுகளைக் கற்றன. நிறத்தைத் திடீரென்று நீக்கியபோது பிழைகள் மலிந்தன. நம் சுவர்த்தாளில் அணில் மங்குவதே இல்லை. முதல் நாளில் எவ்வளவு பளபளப்போ, ஆண்டு முடிவிலும் அவ்வளவு பளபளப்பு.

தமிழ்நாட்டில் மாற்று முயற்சிகள் நடக்காமல் இல்லை. ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் செல்ல அது வழி செய்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் எழுத்தும் எண்ணும் அறிய வேண்டும் என்னும் குறிக்கோளுடன் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டங்களின் வெற்றி தோல்வி தனிக் கட்டுரைக்கு உரியது. வகுப்பறையில் எந்தத் திட்டம் இருந்தாலும், ‘இந்தச் சரியான விடையை ஆள்வது எது?’ என்னும் கேள்வி அங்கே இருந்தாக வேண்டும்.

இத்துறைக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மொழியை நடத்தையாகவே விளக்கி ஸ்கின்னர் 1957இல் எழுதிய நூலை நோம் சோம்ஸ்கி 1959இல் கடுமையாக மறுத்தார். குழந்தை பேசக் கற்பதன் மர்மம் முழுவதையும் தூண்டல் கட்டுப்பாடு விளக்கிவிடாது. ஆனால் எழுத்து, பேச்சைப் போலன்று, கற்பித்தால்தான் வருவது. கற்பிக்கும் ஏற்பாட்டைச் சோதிக்க இந்த அளவுகோல் போதுமானது.

நீங்களே சோதிக்கலாம்

உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ முதல் வகுப்பில் இருந்தால் நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள். காகிதமும் பேனாவும் போதும்.

முதலாவது, படத்தை மூடுங்கள். எழுத்தை மட்டும் காட்டுங்கள்.

இரண்டாவது, வரிசையைக் கலையுங்கள். எழுத்துகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுங்கள். 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ கல்விக் கணக்கெடுப்பில் கள ஆய்வாளர்கள் படமில்லாத தாளில் எழுத்துகளைக் காட்டித்தான் கேட்கிறார்கள். ஐந்து எழுத்துகளில் நான்கேனும் சரியாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, திருப்பிக் கேளுங்கள். நீங்கள் ஒலியைச் சொல்லுங்கள். குழந்தை சீட்டை எடுக்கட்டும். சீட்டுகளுள் உருவம் நெருங்கியவை இருக்கட்டும். ‘ஏ’ கேட்கும்போது ‘எ’ அருகில் இருக்க வேண்டும். ‘ஓ’ கேட்கும்போது ‘ஒ’வும் ‘ஔ’வும் இருக்க வேண்டும். யானையையும் எறும்பையும் வைத்து வேறுபாடு கேட்பதில் சோதனை ஏதும் இல்லை.

நான்காவது, புதுச் சொல் கொடுங்கள். இதுவே முடிவான சோதனை. தாண்டிக்குடி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தா, ண், டி, க், கு, டி. பேருந்தின் பலகையில் அதைத் தினமும் பார்க்கும் குழந்தை அதை ஒரே உருவமாக அடையாளம் கண்டு சொல்லிவிடலாம். அருகே காரைக்குடி, தூத்துக்குடி, பரமக்குடி என்று எழுதுங்கள். பாதிச் சொல் ஒன்றாகவே இருப்பதால் இப்போது முன்பாதியைப் பார்த்துத்தான் தீர வேண்டும். பிறகு அதே எழுத்துகளைப் பிரித்துக் குடி, தாடி, தாக்கு என்று எழுதிக் காட்டுங்கள். இவற்றை யாரும் கற்பிக்கவில்லை. குழந்தை படித்துவிட்டால், எழுத்து எழுத்தாகவே ஆளத் தொடங்கிவிட்டது என்று மகிழலாம்.

பிரேசில் நாட்டில் டி ரோஸ், டி சோசா, ஹன்னா ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வகையே. படிப்பில் தோற்ற முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிட்மன் வழியில் 51 சொற்களைக் கற்பித்தனர். அவற்றின் அசைகளைப் பிரித்துக் கோத்த புதுச் சொற்களையும் பிள்ளைகள் சிலர் படித்தனர். தமிழ் எழுத்து இத்தகைய பிரித்துக் கோத்தலுக்கு ஏற்றது. 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் விதிவிலக்கு வடிவங்களை நீக்கியது. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் மற்ற எழுத்துகளைப் போல் துணைக்கால் வந்தது. ‘தா’வில் கற்றது ‘னா’விலும் செல்லும் என்றாகிவிட்டது. ஆனால் கு, சு, து, மு என்னும் உகர வரிசையில் வடிவங்கள் பலவாகவே உள்ளன. அங்கே கூடுதல் பயிற்சி வேண்டும். ஒலியிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘வட்டி’யில் வரும் டி வேறாக ஒலிக்கிறது, ‘வண்டி’யில் வரும் டி வேறாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றே, பக்கத்து எழுத்து ஒலியைத் தீர்மானிக்கிறது. தனி எழுத்தை மட்டும் காட்டும் தாளால் இதைக் கற்பிக்க முடியாது; சொற்களால்தான் முடியும்.

பழி யாருக்கு?

இதெல்லாம் ஒரு சுவர்த்தாளுக்குப் பெரிய ஆரவாரம் என்று தோன்றலாம். ஆனால் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் வகுப்பில் படம் பார்த்தும் வரிசை சொல்லியும் ‘நன்றாகப் படிக்கிறான்’ என்று பெயர் எடுத்த பிள்ளை, படம் குறைந்த பாடங்கள் வரும் வகுப்பில் திடீரென்று ‘மக்கு’ ஆகிவிடுகிறான். வீட்டில் எழுத்தறிந்தவர் இருந்தால் குறையை முன்பே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோர், தலைமுறையில் முதலில் பள்ளிக்கு வந்த பிள்ளை என்றால் அதற்கு வழியில்லை. பிள்ளைக்கே மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறான்.

படிக்கவே இயலாதவன் என்று கருதப்பட்ட சிறுவனிடம் சிட்மன் மாற்றியது கற்பித்தலின் ஏற்பாட்டை. சிறுவனின் மூளையை அவர் மாற்றவில்லை. அந்த ஒரு மாற்றத்தில் 20 சொற்கள் அவனுக்குத் திறந்தன. குழந்தை தவறினால் முதலில் பாடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பதே இத்துறை நமக்குத் தரும் பாடம்.

சுவர்த்தாள் சுவரில் இருக்கட்டும், அணிலும் இருக்கட்டும். ஆனால் ‘இவனுக்கு அ, ஆ தெரியும்’ என்று சொல்வதற்கு முன் உங்கள் உள்ளங்கையால் ஒருமுறை அணிலை மறைத்துக் கேளுங்கள்.